ரேக்கில் 179, பில்லில் 210: கடையைக் கேட்க முடியுமா?

கேள்வி: சூப்பர் மார்க்கெட்டில் ஷாம்பு வாங்கினேன். ரேக்கில் மாட்டியிருந்த விலைச்சீட்டில் 179 ரூபாய். பாட்டிலில் எம்.ஆர்.பி. 225. வீட்டுக்கு வந்து பில்லைப் பார்த்தால் 210 போட்டிருக்கிறார்கள். மறுநாள் போய்க் கேட்டேன். 'ஆஃபர் முந்தாநாளே முடிஞ்சிருச்சு, சிஸ்டத்துல வர்றதுதான் விலை' என்றார் மேனேஜர். அப்போதும் அந்தச் சீட்டு அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது. போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். நுகர்வோர் அமைப்பு என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர், 3,000 ரூபாய் கொடுத்தால் கேஸ் போட்டு 2 லட்சம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா? வெறும் 31 ரூபாய்க்கு இவ்வளவு தூரம் போவது சரியா?

பதில்: முதலில் அந்த 3,000 ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த மாதிரிப் புகார்கள் பெரும்பாலும் தப்பான வாசலில்தான் போய் நிற்கின்றன. விலை என்றவுடன் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது எம்.ஆர்.பி. அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம்தான். சட்டமுறை எடையளவுச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாம். தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. உங்கள் பாட்டிலில் எம்.ஆர்.பி. 225, பில்லில் 210. அங்கே மனு கொடுத்தால், 'எம்.ஆர்.பி-க்குள்தான் விற்றிருக்கிறார்கள்' என்று ஒரு வரியில் மூடிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அப்படியே அபராதம் போட்டாலும் அது அரசு கஜானாவுக்குத்தான் போகும், உங்கள் 31 ரூபாய் திரும்பி வராது.

உங்களுக்குப் பொருந்துவது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஒரு விலையைக் காட்டி மக்களைத் தவறாக நம்பவைப்பதை அது நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. சீட்டில் 179 என்று தொங்கவிட்டு, அதைப் பார்த்து எடுத்தவரிடம் 210 வாங்குவது அதில் வரும். 'சிஸ்டத்துல வர்றதுதான் விலை' என்பதெல்லாம் சட்டத்தில் இல்லாத பதில். தலைமை அலுவலகத்தில் இருப்பவர் ஒரு பட்டனைத் தட்டினால் கணினியில் எல்லாக் கிளைக்கும் விலை மாறிவிடும். ரேக்கில் இருக்கும் சீட்டை ஒரு பையன் நடந்துபோய்க் கையால் மாற்ற வேண்டும். ஆஃபர் முடிந்தால் சீட்டைக் கழற்றுவது கடையின் வேலை. அதைச் செய்யாததற்கான தண்டம் உங்கள் தலையில் விழக் கூடாது.

புகார் எழுதும் முன்பு உங்கள் போனில் இருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சீட்டில் 179-க்குக் கீழே பொடி எழுத்தில் பொருளின் பெயர், அளவு, சில சமயம் பார்கோடு எண், ஆஃபர் எதுவரை என்ற தேதி எல்லாம் இருக்கும். நீங்கள் எடுத்த பாட்டில் 340 மில்லி, சீட்டு 180 மில்லிக்கானது என்றால் கதை அங்கேயே முடிந்தது. பக்கத்துப் பொருளின் சீட்டை நம்பி எடுத்துவிட்டுச் சண்டைக்குப் போகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். சீட்டில் தேதி அச்சாகி அது தாண்டியிருந்தாலும் உங்கள் வழக்கு இளைத்துவிடும். பெயரும் அளவும் பொருந்தி, தேதி எதுவும் இல்லை என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. முந்தாநாளே ஆஃபர் முடிந்தது என்கிறார்கள். மறுநாளும் சீட்டு தொங்குகிறது. அந்த ஒரு படம் போதும். அதை வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பிவிட்டு ஒரிஜினலை அழித்துவிடாதீர்கள். அனுப்பிய பிரதியில் எடுத்த தேதி, நேர விவரம் தங்காது. பில்லையும் இன்றைக்கே படம் பிடியுங்கள். பில்லிங் கவுண்டரில் தரும் அந்தப் பளபளப்பான தாள், ஹியரிங் வரும்போது வெறும் வெள்ளைக் காகிதமாக நிற்கும்.

பாட்டிலின் மேலேயே ஸ்டிக்கர் ஏதாவது ஒட்டியிருந்ததா? நீங்கள் எழுதவில்லை. அச்சிட்ட விலையின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி அதை மாற்றக் கூடாது என்பது பொதுவிதி. இதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, ஸ்டிக்கரைக் கண்டாலே மோசடி என்று கிளம்புகிறவர்கள் உண்டு. விலையைக் குறைப்பதற்காக ஸ்டிக்கர் ஒட்டலாம். 225 என்று அச்சிட்ட பாட்டிலில் 199 என்று ஒட்டினால் தப்பில்லை. ஆனால் அந்த ஸ்டிக்கர், அடியில் இருக்கும் 225-ஐ மறைக்கக் கூடாது. பழைய விலை, புது விலை இரண்டும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மறைத்து ஒட்டியிருந்தால், புது விலை குறைவாகவே இருந்தாலும் விதிமீறல்தான், ஏனென்றால் குறைத்தார்களா ஏற்றினார்களா என்று உங்களால் பார்க்க முடியாது. ஆகவே ஓரமாக ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். மேலேயே ஒட்டியிருந்தால் நகத்தால் உரித்துப் பார்க்காதீர்கள், அப்படியே படம் எடுங்கள். அப்படி மறைத்து ஒட்டியிருந்தால் அதற்குத்தான் தொழிலாளர் துறை.

இனி அந்த ஆசாமி. லெட்டர்பேடு, அடையாள அட்டை, காரில் ஒரு போர்டு எல்லாம் வைத்திருப்பார். நேர்மையாக நடக்கும் சங்கங்களும் இருக்கின்றன. அவை 2 லட்சம் என்று ஆசை காட்டுவதில்லை. இந்த மாதிரி ஆட்கள் முதலில் கேட்பது 'கோர்ட் ஃபீஸ்'. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், வாங்கிய பொருளுக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. அடுத்து, 'வக்கீல் நோட்டீஸ் கட்டாயம்' என்பார். சட்டத்தில் அப்படி இல்லை. வக்கீலே வேண்டாம், நீங்களே வாதாடலாம். கடையின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 2 லட்சம் என்பதை மறந்துவிடுங்கள். இப்படிப்பட்ட வழக்கில் சில ஆயிரம் வந்தாலே பெரிது. இதில் இன்னொரு கொடுமையும் நடக்கும். உங்கள் கையெழுத்தை வாங்கிக்கொண்டு நேரே கடைக்குப் போவார், அவர்களிடம் ஒரு தொகை பேசி வாங்குவார். உங்கள் வழக்கு பிறக்கவே பிறக்காது.

அவரை விடப் பொல்லாதவர்கள் இணையத்தில் இருக்கிறார்கள். கடையின் பெயரைத் தேடினால் முதலில் வரும் 'கஸ்டமர் கேர்' எண்ணை அழைக்காதீர்கள். போலி எண்களை அங்கே ஏற்றி வைத்திருக்கிறார்கள். 31 ரூபாயைத் திருப்பித் தருகிறோம் என்று ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள், அல்லது கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடச் சொல்வார்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பில்லில் அச்சாகியிருக்கும் எண், மின்னஞ்சல் மட்டும் போதும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பில்லில் உள்ள முகவரிக்கு நாலு வரியில் மின்னஞ்சல், இரண்டு படங்களோடு. பதிலுக்கு 10 நாள் பாருங்கள். வரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. புகாரை நிறுவனத்துக்குத் தள்ளிவிடுவார்கள். ஆனால் பெரிய கடைகள் அதற்காவது அசைந்து கொடுக்கும், 31 ரூபாய் அநேகமாக அங்கேயே வந்துவிடும். அதுவும் நடக்காவிட்டால்தான் ஆணையம். நேரில் மனு கொடுக்கலாம், நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் போடலாம். இரண்டு வருடம் அவகாசம் உண்டு.

31 ரூபாய்க்குத் தகுமா என்று கேட்டீர்கள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எழுதியவர்கள் எந்த ஊர் ஆணையத்தைப் பார்த்து எழுதினார்களோ! கடையின் வக்கீல் வாய்தா கேட்பார், கிடைக்கும். அடுத்த முறை வழக்கை விசாரிக்கும் ஆணைய உறுப்பினர் இருக்க மாட்டார். நீங்கள் லீவு போட்டுப் போய்த் தேதி வாங்கி வருவீர்கள். பஸ் காசே 31-ஐத் தாண்டிவிடும். இது கடைக்காரர்களுக்கும் தெரியும், அதனால்தான் சீட்டு மறுநாளும் அங்கேயே தொங்குகிறது. அரை நாள் லீவு உங்களுக்குச் சுமை என்றால் 1915-உடன் நிறுத்திக்கொள்ளுங்கள். கடைக்கு ஒரு பாடம் புகட்ட வேண்டும் என்று தோன்றினால், நேரமும் இருந்தால், போடுங்கள்.

அதே பில்லில் கவர் பைக்குக் காசு போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் கவுண்டரில் வைத்துப் பைக்குக் காசு பிடிப்பது தவறு என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. இருந்தால் அந்தத் தொகையையும் அதே மின்னஞ்சலில் சேர்த்துக் கேளுங்கள். அதற்குத் தனிப் புகார் வேண்டாம்.