அப்பா சொல்லும் கடை வரலாற்றில் நான் இல்லை

மதிப்பிற்குரிய அம்மா,

மார்த்தாண்டம் பக்கம் எங்களுக்குத் தடிக்கடையும் (மரக்கடை) அறுப்பு மில்லும் உண்டு. 1956-ல் நம் கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்பே பாட்டா, அதாவது அப்பாவின் அப்பா, தொடங்கியது. ஓட்டு வீடுகளின் கூரைச் சட்டத்துக்குக் கழுக்கோல், பட்டியல், உத்திரம் என்று ஆஞ்சிலியும் தேக்கும் ஓடிய காலம். கான்கிரீட் வந்ததும் தடி கதவு, ஜன்னல் என்று சுருங்கியது. அப்பா சிமெண்டும் கம்பியும் இறக்கினார். என்னைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திக் கடையில் உட்கார வைத்தார். தம்பி பி.இ. முடித்து துபாய் போனான். திரும்பி வந்ததும் மெயின் ரோட்டு சிமெண்ட் கடை அவனுக்கு. தூசியும் ரம்பச் சத்தமும் எனக்கு.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இப்போது கடை வரலாறு என்று புத்தகம் போடுகிறான், அப்பா சொல்லச் சொல்ல எழுதி. 2017 நவம்பரில் ஒக்கி புயல் அடித்தபோது குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களில் விழுந்த ரப்பர் மரத்தை விலை பேசி எடுத்தது நான். ரப்பர் தடி சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். ராப்பகலாக நின்று பெட்டிப் பலகை அறுத்துத்தான் மில்லை நிமிர்த்தினேன். "இளையவன்தான் நின்னு செய்தான்" என்கிறார் அப்பா. அப்போது அவன் துபாயில்! எல்லார் முன்னாலும் திருத்துகிறேன், மறுநாளும் அதையே சொல்கிறார். போன வாரம் ஒருவரிடம் ஆஞ்சிலிக்கு முப்பது வருஷத்துக்கு முந்தைய விலையைச் சொன்னார், கடைக்கு வரும்போது மில்லைத் தாண்டி நடந்து போய்விட்டார். 81 வயது, அது கிடக்கட்டும். படிப்பும் அவனுக்கு, கடையும் அவனுக்கு, பெயரும் அவனுக்கா?

அன்புள்ள சகோதரரே,

நீங்கள் "அது கிடக்கட்டும்" என்று தள்ளிய இடத்தில்தான் எனக்குக் கண் நின்றது. ஆயுள் முழுக்கப் போய்வந்த மில்லை ஒருவர் தாண்டிப் போகிறார் என்றால் அதை வயது என்று விட்டுவிடக் கூடாது. நேரில் பார்க்காமல் நோயின் பெயர் சொல்ல மாட்டேன். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும், அவற்றுக்கு வைத்தியம் உண்டு. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தெரிந்த நரம்பியல் மருத்துவரிடமோ இந்த வாரமே காட்டுங்கள்.

ஒக்கிக் கதை மாறியதும் இதோடு சேர்ந்ததாக இருக்கலாம். உங்கள் மனதுக்கும் இது தெரியும் என்றே நினைக்கிறேன். பள்ளிக்கூட வயதிலிருந்து அப்பா பக்கத்தில் நின்றவர் நீங்கள். உங்கள் உழைப்பை முழுதாகப் பார்த்த ஒரே ஆள் அவர். அவரே மறந்துபோனால் இனி யார் சொல்வார்கள் என்ற பயம் பெரியது. அதைத் தாங்குவதைவிடத் தம்பியோடு கோபித்துக்கொள்வது சுலபம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். நாலு பேர் முன்னால் அவரைத் திருத்துவதை நிறுத்துங்கள். உங்களுக்கு அது நியாயம் கேட்பது, அவருக்கோ ஏன் என்றே புரியாத அவமானம். தம்பி விஷயத்திலும் உங்கள் பக்கம் முழுதாக நிற்க முடியவில்லை. அப்பா சொன்னதைத் தம்பி எழுதியிருக்கிறார். அது தப்பு என்று நீங்கள் அவரிடம் நேரே பேசியதாகக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. பங்கில் உங்களுக்குக் குறை இருந்தால் அது நியாயமாகவே இருக்கலாம், அதைத் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். அப்பா மில்லைத் தாண்டிப் போனது தம்பிக்குத் தெரியுமா? முதலில் அதைச் சொல்லுங்கள். ஒக்கி அப்புறம்.

பழைய நினைவுகள் பெரும்பாலும் தாமதமாகத்தான் மங்கும். பாட்டா எப்படித் தடி பார்த்து வாங்கினார், கழுக்கோலுக்கு என்ன அளவு என்று அப்பாவிடம் கேளுங்கள், போனில் பதிவு செய்யுங்கள். டாக்டரிடம் போகும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.