காய்ச்சல் விட்டாலும் டைபாய்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள்

கேள்வி: என் 9 வயது மகனுக்கு டைபாய்டு. மாத்திரை கொடுத்த ஐந்தாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது, சோறு கேட்டுச் சாப்பிடுகிறான். மீதி மாத்திரையையும் கொடுக்க வேண்டுமா?
- ஒரு தாய், குடியாத்தம்

பதில்: கொடுத்தே ஆக வேண்டும் அம்மா, டாக்டர் எழுதிய கடைசி மாத்திரை வரைக்கும். கிருமி இப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும்.

சால்மோனெல்லா டைஃபி என்ற இந்த பாக்டீரியா தண்ணீர், உணவு வழியாக வயிற்றுக்குள் போகிறது. இரைப்பை அமிலத்துக்குத் தப்பியவை சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குச் சேர்ந்து, தங்கள் உடம்பிலுள்ள மெல்லிய இழைகளால் குடல்சுவர்ச் செல்லில் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியதும் நுண்ணிய ஊசி போன்ற குழாயைச் செல்லில் செருகிச் சில புரதங்களை உள்ளே இறக்குகின்றன. அந்தப் புரதங்கள் செல்லின் உட்சட்டத்தையே கலைத்துவிட, மேற்சவ்வு மடிப்பு மடிப்பாக எழும்பிக் கிருமியைச் சுற்றி மூடிக்கொள்கிறது. செல்லே கிருமியை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்பதுதான் இதில் கொடுமை.

அடுத்து, கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளை அணுக்களுக்குள்ளும் அது ஒரு சவ்வுப் பையில் உயிரோடு இருந்து பெருகும். அப்படியே கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சேரும். இரத்தத்தில் கிருமி குறைந்தாலே காய்ச்சல் இறங்கிவிடும். செல்லுக்குள் இருப்பவை சாக இன்னும் நாளாகும். நடுவில் நிறுத்தினால் சில வாரங்களில் காய்ச்சல் திரும்பலாம்.

கடுமையான வயிற்றுவலி, வயிறு உப்பி இறுகுதல், கருப்பாக மலம் போதல், பேச்சில் தடுமாற்றம், அதிக மயக்கம் இருந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் குடலில் இரத்தக்கசிவு, ஓட்டை வரக்கூடிய நோய் இது.

"குணமாகிவிட்டதா" என்று பார்க்க வைடல் டெஸ்ட் (கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் புரதத்தை இரத்தத்தில் தேடும் சோதனை) எடுக்காதீர்கள். நோய் போன பிறகும் அது பல மாதம் பாசிட்டிவ் காட்டும், வீணாகப் பயம்தான் மிஞ்சும். வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சல் நீடித்தால், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே பிளட் கல்ச்சருக்கு (இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) இரத்தம் கொடுங்கள்.

2017 முதல் 2020 வரை நம் நாட்டில் நடந்த டைபாய்டு கண்காணிப்பு ஆய்வில் வேலூரும் இடம்பெற்றது. இங்குள்ள குழந்தைகளிடம் இந்நோய் இன்னும் அதிகம் என்பது அதில் தெரிந்தது. ஆகவே தம்பி தங்கைகள் இருந்தால் டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசி பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள், 6 மாதத்திலிருந்தே போடலாம். குழாய்த் தண்ணீரோ லாரித் தண்ணீரோ, நன்றாகக் கொதிக்கவைத்தே குடியுங்கள். பையன் கழிப்பறை போய்வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். காய்ச்சல் நின்ற பிறகும் மலத்தில் கிருமி சில வாரங்கள் வெளியேறலாம்.