பாஸ்டர் அழுதுவிட்டார், நான் மன்னித்துத்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஒரு தனிச்சபைக்குப் பல வருடங்களாகக் குடும்பத்தோடு போகிறோம். எங்கள் பாஸ்டருக்கும் சபையில் தையல் வகுப்பு நடத்திவந்த ஒரு சகோதரிக்கும் இருந்த தொடர்பு, வாட்ஸ்அப் குரல்பதிவுகளால் வெளியே வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு பாஸ்டர் முழங்காலிட்டு அழுது மன்னிப்புக் கேட்டார். அதற்கடுத்த வாரமே பிரசங்கம் செய்தார். அந்தச் சகோதரியை மட்டும் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இதே பாஸ்டர்தான் நான்கு வருடங்களுக்கு முன், ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்த என் மகள் காசிமேட்டில் ஒரு பையனோடு பைக்கில் போனாள் என்பதற்காக, அவளைச் சபை முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தார். அவனையே பதிவுத் திருமணம் செய்துகொண்டு இப்போது கொருக்குப்பேட்டையில் இருக்கிறாள். சபைப் பக்கம் வருவதே இல்லை. "அபிஷேகம் பெற்றவர் மேல் கை போடாதே, மன்னிக்காவிட்டால் உன் ஜெபம் கேட்கப்படாது" என்கிறார்கள் சபையை நடத்தும் மூப்பர்கள். என்னால் முடியவில்லை. நான் பாவியா? வாலிபர்கள் சிலர் அந்தக் குரல்பதிவுகளை எல்லா க்ரூப்பிலும் போடப்போகிறார்களாம். அது சரியா?
(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முழுக் கடிதத்தில் பாஸ்டரின் தொடர்பைப் பற்றி நான்கைந்து வரிகள்தான் இருக்கின்றன. உங்கள் மகள் எழுந்து நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறீர்கள். மூப்பர் ஒருவர் மைக்கை அவள் வாயருகே பிடித்துக்கொண்டதையும், அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே பேசியதையும், வெளியே கட்டியிருந்த ஸ்பீக்கரில் அது தெருமுனை டீக்கடை வரை கேட்டதையும் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே உங்கள் கோபம் ஒரு மனிதன் தவறினான் என்பதால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தன் தவறை மூடி வைத்துக்கொண்டே அதைவிட எத்தனையோ சிறிய ஒன்றுக்காக, அதுவும் தவறுதானா என்பதே கேள்வி, உங்கள் பெண்ணைத் தெருவறிய நிறுத்தினார் என்பதால் வந்த கோபம் இது. அதைப் பாவம் என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

மூப்பர்கள் சொல்லும் அந்த வசனத்தையே எடுத்துக்கொள்வோம். அபிஷேகம் பெற்றவர் மேல் கை போட மாட்டேன் என்று சொன்ன தாவீது, தன்னைக் கொல்லத் தேடிய ராஜாவான சவுல் குகைக்குள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோதும் அவனைக் கொல்லாமல் விட்டான் என்பது உண்மைதான். ஆனால் சவுல் வெளியே போனதும் பின்னாலேயே வந்து, வெட்டியெடுத்த அங்கியின் துண்டைக் காட்டி, நீர் எனக்குச் செய்வது அநியாயம் என்று அவன் முகத்துக்கு நேராகவே சொன்னான். கை போடாமல் இருப்பது வேறு, வாய் திறக்காமல் இருப்பது வேறு. மூப்பர்கள் பாதிக் கதையை மட்டும் சொல்லி உங்களை உட்கார வைக்கப் பார்க்கிறார்கள்.

மன்னிப்பைப் பற்றி வேதம் சொல்வதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மன்னிப்பு என்ற பெயரில் உங்களிடம் இப்போது கேட்கப்படுவது பாஸ்டரின் பதவி. சீட்டுப் பணத்தில் கை வைத்தவரை மனதார மன்னித்துவிடலாம். அதற்காக அடுத்த மாதமே சீட்டு நோட்டை அவர் கையில் திருப்பிக் கொடுக்கிறோமா? 1988 பிப்ரவரியில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், தொலைக்காட்சிப் பிரசங்கியார் ஜிம்மி ஸ்வாகர்ட் கண்ணீர் வழிய "நான் பாவம் செய்தேன்" என்று சொன்னதை உலகமே பார்த்தது. அதற்கு முந்தைய வருடம்தான் ஜிம் பேக்கர் என்ற இன்னொரு பிரசங்கியாரின் வீழ்ச்சியை அவர் கடுமையாகக் கண்டித்திருந்தார். ஸ்வாகர்ட்டின் திருச்சபை ஒரு வருடமாவது பிரசங்கிக்கக் கூடாது என்று விதித்ததை ஏற்க மறுத்து, சில மாதங்களிலேயே மேடைக்குத் திரும்பினார். ஊழியப் பட்டம் பறிக்கப்பட்டது. 1991-இல் மீண்டும் அதே போன்ற விவகாரத்தில் அகப்பட்டார். அழுதது பொய் என்று நான் சொல்ல வரவில்லை, அது அவருக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும். ஆனால் கண்ணீரை மட்டும் நம்பி ஒருவரை மேடையேற்றுவது அவருக்கே செய்யும் கெடுதல் என்பதை அவருடைய கதையிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அந்தத் தையல் வகுப்புச் சகோதரியின் கதி. இருவர் சம்பந்தப்பட்ட காரியத்தில் ஒருவர் பீடத்திலும் மற்றவர் வாசலுக்கு வெளியேயும் இருக்கிறார். அதிலும் அதிகாரம் யார் கையில் இருந்ததோ அவரே உள்ளே இருக்கிறார். அந்தச் சகோதரி மனமுவந்து போனாரா, மறுத்தால் வேலை போகும், பெயர் கெடும் என்ற பயத்தில் போனாரா என்று உங்கள் சபையில் ஒருவராவது அவரிடம் கேட்டாரா? நம் சென்னையில் 1946-இல் பிறந்து உலகம் முழுக்கப் பெயர்பெற்ற கிறிஸ்தவப் பிரசங்கியார் ரவி சக்கரியாஸ் மீது 2017-இல் கனடாவைச் சேர்ந்த ஒரு பெண் குற்றம் சாட்டியபோது, அவர் அந்தப் பெண் மேலேயே வழக்குப் போட்டார்; அவருடைய ஊழிய நிறுவனமும் அவர் பக்கமே நின்றது. அவர் 2020-இல் இறந்த பிறகு, அந்த நிறுவனமே அமர்த்திய சட்ட நிறுவனம் விசாரித்து, மசாஜ் செய்யும் பெண்கள் பலரிடம் அவர் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டிருந்தார் என்று 2021 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. அந்தப் பெண்ணை நம்பாமல் போனதற்காக நிர்வாகக் குழு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. உங்கள் சபையார் அத்தனை காலம் காத்திருக்க வேண்டாம். உங்களால் முடிந்தால் நீங்களே அந்தத் தையல் வகுப்புச் சகோதரியின் வீட்டுக்குப் போய், வெறுமனே நலம் விசாரித்துவிட்டு வாருங்கள். பேச விரும்பினால் அவரே பேசுவார். அவர் மிரட்டப்பட்டிருந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண் இருப்பதைச் சொல்லுங்கள். பதினெட்டு வயது நிரம்பாத யாருக்காவது இப்படி நடந்திருப்பதாகத் தெரியவந்தால் அது சபை பேசித் தீர்க்கும் காரியமே அல்ல, 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் அழைக்கலாம்.

இனி பாஸ்டர் செய்ய வேண்டியது என்ன? இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரி வசூலிப்பவன் சகேயு அழுதான் என்று தன் சுவிசேஷத்தில் லூக்கா எழுதவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய், அதாவது நான்கு மடங்காய்த் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான் என்றுதான் எழுதியிருக்கிறார். உங்கள் பாஸ்டர் மொத்தச் சபையிடமும் பொதுவாக மன்னிப்புக் கேட்டிருக்கிறார், அது சுலபம். கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் மகளிடமும் மருமகனிடமும் கேட்டிருக்கிறாரா? அவளைத் தாழ்த்திய அதே மைக்கில், அன்று நான் செய்தது தவறு என்று சொல்லியிருக்கிறாரா? மூப்பர்களிடம் இதை மட்டும் கேளுங்கள், கோபப்படாமல், தனியாகப் போகாமல், உங்கள் கணவரையும் இன்னும் இரண்டு குடும்பங்களையும் அழைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். வெளியார் ஒருவர் விசாரித்து முடிக்கும்வரை அவர் பிரசங்கிக்கக் கூடாது என்பதையும், கணக்கு வழக்கைத் தணிக்கை செய்து உறுப்பினர்களுக்குக் காட்ட வேண்டும் என்பதையும் எழுத்தில் கொடுங்கள். மறுத்தால் வேறு சபைக்குப் போவதில் எந்தக் குற்றமும் இல்லை. வடசென்னையில் தெருவுக்குத் தெரு சபை இருக்கிறது. மாவு அரைத்து விற்ற காசில் மாதாமாதம் தசமபாகக் கவர் போட்டவர் நீங்கள். இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மன்னிப்பு வரும்போது வரட்டும். உங்களுக்குச் செய்ததை நீங்கள் மன்னிக்கலாம். உங்கள் மகளுக்குச் செய்ததை அவள்தான் மன்னிக்க வேண்டும், அவளுக்காக நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. அவளிடம் போய்ப் பாஸ்டர் விழுந்த கதையைச் சொல்வதற்கு முன், அன்று அவள் பக்கத்தில் போய் நிற்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்களே, அதை அவளிடமே சொல்லிவிடுங்கள். பாஸ்டரைவிட நீங்கள் சொல்ல வேண்டிய வார்த்தைக்காகத்தான் அவள் அதிகம் காத்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

குரல்பதிவு விஷயத்தில் வாலிபர்களை இன்றைக்கே தடுத்து நிறுத்துங்கள். அது பரவினால் பாஸ்டர் இன்னொரு ஊரில் இன்னொரு சபை தொடங்கிவிடுவார். அந்தப் பெண்தான் அதே தெருவில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்க வேண்டும். புகார் கொடுக்க அவர் நினைத்தால் அவருக்கு வேண்டியது அவர் போனிலேயே இருக்கும். உங்களுக்கு வந்ததை யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள். காணிக்கை ரசீதுகளை மட்டும் பத்திரமாக எடுத்து வையுங்கள், மூப்பர்களைப் பார்க்கப் போகும்போது தேவைப்படும்.