வார்டில் தேறிய நர்ஸுக்கு ஐசியுவிலும் வீட்டுப் பராமரிப்பிலும் அதே அனுபவம் கைகொடுக்குமா?

பாதி கைகொடுக்கும். உடல் இயங்கும் விதம் எங்கும் ஒன்றுதான். மாறுவது இரண்டு: இந்த நோயாளியை அடுத்து எப்போது பார்ப்போம், கூப்பிட்டால் உதவி எவ்வளவு நேரத்தில் வரும். ஒரே அளவை வைத்துக்கொண்டு ஓரிடத்தில் பொறுத்திருக்கலாம், இன்னோரிடத்தில் பொறுக்கவே கூடாது என்றாவது இதனால்தான்.

வார்டில் ஒன்றைப் பார்ப்போம். வயிற்று அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். மூச்சு காலையில் நிமிடத்துக்கு 16, மதியம் 20, மாலையில் 24. பிபி 124/78, நாடி 88, சாச்சுரேஷன் (இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 96. பிபி நன்றாகத்தானே இருக்கிறது என்று நகர்ந்துவிடுவதுதான் இங்கே நடக்கும் பிழை. உள்ளே இரத்தம் கசியத் தொடங்கினால், உடல் இரத்தக் குழாய்களைச் சுருக்கி பிபியைத் தாங்கிப் பிடிக்கும். பிபி விழுகிறது என்றால் அந்தத் தாங்கு சக்தி தீர்ந்துபோயிற்று என்று பொருள். நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று புள்ளி போட்டுக் காட்டும் நியூஸ்2 அளவுகோலில் 24 மூச்சுக்கு 2 புள்ளிதான்; மற்ற அளவுகள் சரியாக இருந்தால் மொத்தமும் 2தான். மொத்தம் 5 வந்தாலோ, ஏதாவது ஓர் அளவுக்கு மட்டும் 3 வந்தாலோதான் அவசரமாகப் பார்க்கச் சொல்லும். ஆனால் 16 ஒரே நாளில் 24 ஆன ஏற்றத்தை அது கணக்கில் எடுக்காது. அதை நர்ஸ்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு மூச்சை உண்மையாகவே எண்ணியிருக்க வேண்டும். எண்ணாமலே 18 என்று சார்ட்டில் எழுதும் பழக்கம் உயிருக்கு உலை வைக்கும். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டில் விரலை வைத்தபடியே மார்பின் ஏற்ற இறக்கத்தை முழு 60 விநாடி எண்ணுங்கள். தன் மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சே மாறிவிடும். 15 விநாடி எண்ணி 4ஆல் பெருக்கினால், ஒரு மூச்சு தவறினாலும் விடையில் 4 பிசகும். அடுத்துப் பார்க்க வேண்டியவை டிரெயின் (உள்ளே தேங்குவதை வெளியேற்றும் குழாய்), கட்டு, வயிற்றின் இறுக்கம், சிறுநீர். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்குக் குறைந்தது 30 மில்லி வர வேண்டும். வரவில்லையென்றால் முதலில் சிறுநீர் வடியும் கேத்தட்டர் குழாய் உடம்புக்கடியில் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஐசியுவில் எண்களுக்குப் பஞ்சமில்லை. திரையில் தெரிவது உண்மையா என்பதே அங்கே கேள்வி. ஆர்ட்டீரியல் லைன் என்பது பிபியை இடைவிடாமல் அளக்கத் தமனிக்குள் வைக்கும் குழாய். அதன் அழுத்தத்தை அளக்கும் கருவியான டிரான்ஸ்டியூசர் இதய மட்டத்தில், அதாவது நான்காம் விலா இடைவெளியும் விலாப்புறத்தின் நடுக்கோடும் சந்திக்கும் இடத்துக்கு நேராக, இருக்க வேண்டும். கட்டிலை உயர்த்திவிட்டு, ஸ்டாண்டில் இருக்கும் டிரான்ஸ்டியூசரை மறந்தால், 10 செ.மீ. வித்தியாசத்துக்கு பிபி 7 அல்லது 8 கூடுதலாகக் காட்டும். அதை நம்பி, பிபியை உயர்த்தும் மருந்தான நோர்அட்ரினலினைக் குறைத்தால் உண்மையான பிபி சரியும்.

வீட்டுப் பராமரிப்பு எல்லாவற்றிலும் கடினம் என்பேன். மானிட்டர் இல்லை, அடுத்த வருகைக்கு நாள் கணக்காகலாம். இன்சுலின் போட்டுக்கொண்டு தனியாக வசிக்கும் முதியவருக்கு மாலையில் சர்க்கரை 82; இன்சுலினால் அது இன்னும் இறங்கலாம். வார்டில் என்றால் ஒரு மணி நேரத்தில் மறுபடி பார்த்துக்கொள்ளலாம். இங்கே அவர் சாப்பிட்டு, சர்க்கரை ஏறியதைப் பார்க்காமல் வாசலைத் தாண்டக் கூடாது. இதயச் செயலிழப்பு உள்ளவரிடம் எடைக் குறிப்பைக் கேளுங்கள்: காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், அதே எடைக்கருவியில். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது நீர். அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முதியவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலும் தொற்று வரும்; நாடியை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடி ஏறாமலே இருக்கலாம். திடீரென்று பேச்சு குழம்புவதே முதல் அறிகுறியாக இருக்கலாம். அதனால் வீட்டாரிடம் "நேத்து எப்படி இருந்தார்?" என்று கட்டாயம் கேளுங்கள்.

எந்த இடமானாலும் கண்டதைச் சொல்லும் விதம் முக்கியம். "பேஷண்ட் சரியில்லை டாக்டர்" என்றால் எதிர்முனையில் எதுவும் அசையாது. "டாக்டர், லேப்பரோட்டமி, அதாவது வயித்தைத் திறந்து செஞ்ச ஆபரேஷன், முடிஞ்சு ரெண்டாம் நாள். மூச்சு காலையில 16, இப்ப 24. கடைசி ரெண்டு மணி நேரத்துல யூரின் 35 மில்லிதான். வயிறு இறுகியிருக்கு. உள்ளே கசிவோன்னு சந்தேகப்படுறேன், நேர்ல வந்து பாருங்க" என்று சொல்லுங்கள். வரத் தாமதமானால் அடுத்த சீனியரைக் கூப்பிடுங்கள். கூப்பிட்ட நேரத்தைச் சார்ட்டில் எழுதுங்கள்.