மயோசைட்டிஸ்: யாருக்கு மருந்து கேட்கும்?
தசை அழற்சி பற்றிய கேள்விகளுக்கு ருமட்டாலஜி மருத்துவர் பதில்

அம்மாவுக்குத் தோலையும் தாக்கும் தசை அழற்சி, டெர்மட்டோமயோசைட்டிஸ். இரத்தத்தில் மி-2 ஆன்டிபாடி (உடம்பையே எதிர்க்கும் புரதம்) பாசிட்டிவ். குணமாகுமா டாக்டர்?

நம்பிக்கையோடு இருங்கள் அம்மா. மி-2 இருப்பவர்களுக்குப் பொதுவாக மருந்து நன்றாகக் கேட்கும். ஸ்டீராய்டும் இன்னொரு மருந்தும் கேட்காத 200 பேருக்கு நோய் எதிர்ப்பு அணுக்களைக் குறைக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. 83 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். யார் சீக்கிரம் தேறினார்கள் என்று பிறகு அலசினார்கள். ஜோ-1 அல்லது மி-2 ஆன்டிபாடி உள்ளவர்கள், சிறு வயதிலேயே டெர்மட்டோமயோசைட்டிஸ் வந்தவர்கள், நிரந்தரச் சேதம் குறைவாக இருந்தவர்கள் முந்திக்கொண்டார்கள்.

அந்தக் கடைசி விஷயம் முக்கியம். தொடை எம்.ஆர்.ஐ.யில் தசை நீர் கோத்துத் தெரிந்தால் மருந்துக்கு வேலை இருக்கிறது. தசை இருந்த இடத்தில் கொழுப்பு ஏறிவிட்டால் அந்தப் பகுதி திரும்பாது. அதனால் தாமதிக்க வேண்டாம். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

தசை சிதைந்தால் இரத்தத்தில் ஏறும் சி.கே. என்சைம் 4000-லிருந்து 300-க்கு வந்துவிட்டது. ஆனாலும் மாடி ஏற முடியவில்லை. மருந்தைக் கூட்டலாமா?

அவசரப்படாதீர்கள். பழைய சேதமாக இருக்கலாம். ஸ்டீராய்டே தொடையைத் தளர்த்தியிருக்கலாம். அப்படியானால் மருந்தைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும்.

லேபில் வேலை பார்க்கிறேன் சார். சி.கே. எண் பொய் சொல்லாது. தசை வலிமை டாக்டரின் கைக்கணக்குதானே?

எண் பொய் சொல்லாது தம்பி, ஆனால் பாதிக் கதைதான் சொல்லும். அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் 2016-இல் சேர்ந்து வகுத்த முன்னேற்ற மதிப்பெண்ணில், 100-க்கு தசை வலிமைக்கு 32.5 வரை உண்டு. சி.கே. போன்ற என்சைமுக்கு 7.5தான்.

டெர்மட்டோமயோசைட்டிஸுக்கு அது சரி சார். ஆனால் சி.கே. ஏறினால் நோய் திரும்புகிறது என்றுதானே அர்த்தம்?

ஏறினால் கவனிக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஏறாவிட்டால் நிம்மதி என்பதைத்தான் மறுக்கிறேன். எம்.டி.ஏ.-5 ஆன்டிபாடி உள்ளவர்களுக்கு சி.கே. ஏறாமலே சில வாரங்களில் நுரையீரல் கெட்டுவிடக்கூடும். வறட்டு இருமல், நடந்தால் மூச்சு வாங்குவது, இரண்டில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

சி.கே. 900. குணமாகுமா?

மேலே பாருங்கள்.

எனக்கு 2500 டாக்டர்...

வெறும் எண்ணை அனுப்பாதீர்கள். எந்த வகை, எந்த ஆன்டிபாடி, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா, படுத்தபடி தலையைத் தூக்கிப் பிடிக்க முடிகிறதா? இவற்றை எழுதுங்கள்.

அப்பாவுக்கு 67 வயது. பாட்டில் மூடி திறக்க விரல் மடங்கவில்லை, தொடை மெலிந்துவிட்டது. ஒரு வருடம் ஸ்டீராய்டு கொடுத்தும் பலனில்லை.

வயதான பிறகு மெல்ல வரும் வகையான இன்க்ளூஷன் பாடி மயோசைட்டிஸாக இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு கேட்காது. தசைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி பற்றி நரம்பியல் நிபுணரிடம் கேளுங்கள். முறையான உடற்பயிற்சியும் விழாமல் பார்த்துக்கொள்வதும்தான் அப்பாவுக்கு உதவும். ஸ்டீராய்டை அந்த நிபுணர் சொல்லும் கணக்கில் குறையுங்கள்.

பத்தியம் உண்டா?

உப்பையும் சர்க்கரையையும் குறையுங்கள்.

உடம்பு தேறிவிட்டது என்று நேற்று ஸ்டீராய்டை நிறுத்திவிட்டேன் டாக்டர்.

இன்றே உங்கள் டாக்டரைக் கூப்பிடுங்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மயக்கமோ வாந்தியோ வந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய், ஸ்டீராய்டு நிறுத்தியதை முதலில் சொல்லுங்கள்.