தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள்: ஆப்பிரிக்கக் கலைப்பொருட்கள் பற்றிக் கேள்வி பதில்

அருங்காட்சியகங்களுக்கு மரப்பொருட்களைப் பழுதுபார்த்துப் பராமரிப்பது என் தொழில். பதினெட்டு வருடத்தில் என் மேசைக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் செய்தவை. தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: 'ஆப்பிரிக்க முகமூடி' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். எந்த ஊர், எந்த மக்கள் என்று தெரிந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அக்கா, நைரோபியில் ஒரு முகமூடி வாங்கினேன். 200 வருடப் பழசு என்றார் கடைக்காரர். உண்மையா?

முகத்தைப் பார்க்காதீர்கள், திருப்பி உள்பக்கம் பாருங்கள். ஆடியவர் நெற்றியும் மூக்கும் உரசிய இடங்கள் வியர்வையில் கறுத்து வழவழப்பாகியிருக்கும். ஓரத்து ஓட்டைகளில் நார் உடையைக் கட்டி இழுத்த தேய்மானம் தெரியும். கண் துளை வழியாக வெளியே பார்க்க முடிகிறதா என்றும் பாருங்கள். உள்ளே உளித்தடம் புதிதாக, மரம் வெளுப்பாக இருந்தால் அது கடைக்காகச் செய்தது. வெளியே இருக்கும் கறுப்பு பெரும்பாலும் ஷூ பாலிஷ். கடைக்காகச் செய்தது என்றால் மட்டம் என்றில்லை. 200 வருடத்துக்கான விலை கொடுத்திருந்தால்தான் வருத்தம்.

மரம் மங்கிப்போய்விட்டது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

கூடாது. எண்ணெய் தூசியைப் பிடித்துப் பிசுபிசுப்பாகும், அப்புறம் சிக்கு வாடை வரும். அதைவிட முக்கியம், மேலே படிந்திருக்கும் புகையும் பனை எண்ணெயும் கைபட்ட தடமும்தான் அந்தப் பொருளின் வரலாறு. உலர்ந்த மென்மையான தூரிகையால் தட்டிவிட்டால் போதும்.

வீட்டில் மாட்டினால் தோஷமா?

அது என் துறை இல்லை. நேரடி வெயில் படும் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள்.

நான் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஆப்பிரிக்கா பாடத்துக்குப் பிள்ளைகளைக் காகிதத் தட்டில் முகமூடி செய்ய வைக்கலாம் என்றிருக்கிறேன். சரியா?

டீச்சர், கோபித்துக்கொள்ளாதீர்கள். காகிதத் தட்டு வேண்டாம். பிள்ளைகள் பல்லைக் காட்டும் பேய் முகம்தான் வரைவார்கள். ஐம்பத்து நான்கு நாடுகள் அந்த ஒரு முகத்துக்குள் போய்விடும்.

அதற்குப் பதில் லுக்காசா செய்யச் சொல்லுங்கள். இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின் தென்கிழக்கில் வாழும் லூபா மக்களின் நினைவுப் பலகை அது. உடுக்கை மாதிரி இடுப்பு ஒடுங்கிய, கையில் அடங்கும் மரப்பலகை. மேலே மணிகளும் சிப்பிகளும் பதித்திருக்கும். ம்புட்யே என்ற சங்கத்தில் பயிற்சி பெற்றவர் அதை இடது கையில் ஏந்தி, வலது கைச் சுட்டுவிரலால் மணிகளைத் தொட்டுத் தொட்டு அரசர்களின் கதையையும் குலங்களின் பயணத்தையும் சொல்வார். ஒரு பெரிய மணி ஒரு அரசராக இருக்கலாம், ஒரு வரிசை ஒரு பாதையாக இருக்கலாம். எழுத்து மாதிரி ஒரு குறிக்கு ஒரே பொருள் கிடையாது. சபை யார், சந்தர்ப்பம் என்ன என்பதைப் பொறுத்து அதே பலகையை வேறு மாதிரி வாசிக்கலாம்.

வகுப்பில் செய்வது சுலபம். கெட்டி அட்டை, பொத்தான், புளியங்கொட்டை, கொஞ்சம் பசை. ஒவ்வொரு பிள்ளையும் தன் தெருவையோ குடும்பத்தையோ அதில் பதிக்கட்டும். பிறகு பலகையைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். முடியாது. செய்தவர் கற்றுக்கொடுத்தால்தான் முடியும். ம்புட்யே சங்கம் எதற்கு என்பது அந்த நிமிடத்தில் அவர்களுக்கே புரியும்.

முகமூடி ஆண்கள் மட்டும்தான் அணிவார்களா?

பெரும்பாலான இடங்களில் ஆமாம். பெயர்பெற்ற விதிவிலக்கு சியரா லியோன், லைபீரியப் பகுதியின் சாண்டே. பெண்பிள்ளைகளைப் பருவத்துக்குத் தயார்படுத்தும் பெண்கள் சங்கம் அது. மெண்டே மக்களின் சோவேய் முகமூடியைப் பெண்களே அணிந்து ஆடுகிறார்கள். பளபளக்கும் கறுப்பு, அகன்ற நெற்றி, சின்ன வாய், கழுத்தில் மடிப்பு மடிப்பாக வளையங்கள், மேலே ஒரு இழை பிசகாத தலைப்பின்னல். வளர்ந்த பெண் எப்படி இருக்கவேண்டும் என்ற பாடம் மொத்தமும் அந்தத் தலையில் இருக்கிறது.

உடம்பெல்லாம் ஆணி அடித்த ஒரு பொம்மையை மியூசியத்தில் பார்த்தேன். சூனியம்தானே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நீங்கள் பார்த்தது கொங்கோ மக்களின் இன்கிசி. ஆணி அடித்த வகைக்கு இன்கொண்டி என்று பெயர். ஆணி யாரையும் குத்துவதற்காக அடித்தது இல்லை.

சிற்பி செதுக்கி முடித்ததும் அது வெறும் மரம்தான். இங்கங்கா எனப்படும் வைத்தியர்-பூசகர் அதன் வயிற்றுக் குழியில் கல்லறை மண், வெள்ளைக் களிமண், மூலிகை என்று பிலோங்கோவை, அதாவது மருந்தை, வைத்துக் கண்ணாடித் துண்டால் மூடிய பிறகுதான் அது இன்கிசி. அப்புறம் இரண்டு பேர் சண்டையைத் தீர்த்துக்கொண்டால், ஒப்பந்தம் செய்தால், நோய்க்குக் காரணம் தேடி வந்தால், ஒரு ஆணி அடிப்பார்கள். இன்னார் வாக்குக் கொடுத்தார், மீறினால் நீ பார்த்துக்கொள் என்று அர்த்தம். உடம்பு சரியில்லை என்றால் உறவிலும் ஏதோ சரியில்லை என்று பார்க்கும் வைத்தியம் அது.

இந்த வேலைக்கு வந்த முதல் வருடம் ஒரு இன்கொண்டியின் துருவைத் துடைக்கத் தூரிகை எடுத்தேன். ஒரு ஆணியின் கழுத்தில் அழுக்கு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. லென்ஸில் பார்த்தால் முடிச்சுப் போட்ட பருத்தி நூல். யாருடைய வழக்கு என்று சிலைக்கு நினைவிருக்க வழக்காளியின் பொருளில் ஒரு துணுக்கைக் கட்டிவிடுவது உண்டு. ஒரு தட்டுத் தட்டியிருந்தால் ஒரு மனிதரின் வழக்கே குப்பைக்குப் போயிருக்கும். அன்றிலிருந்து ஆணி இருக்கும் எதையும் நான் 'சுத்தம்' செய்வதில்லை.

மியூசியத்தில் பல சிலைகளுக்கு வயிறு காலி. மருந்தை எடுத்துவிட்டால் சிலைக்கு வேலை கிடையாது.

மேளம் அடித்து மனநோயைக் குணப்படுத்துகிறார்களாமே, உண்மையா?

நான் மரக்காரி, மருத்துவர் இல்லை. மொராக்கோவின் க்னாவா இரவுச் சடங்குகளையும் சூடான், எத்தியோப்பியாவின் ஸார் சடங்கையும் பற்றி மானிடவியலாளர்கள் எழுதியதைத் தேடிப் படியுங்கள். நைஜீரியாவின் மனநல மருத்துவர் தாமஸ் லாம்போ 1954ல் அபெயோகுட்டாவில் செய்ததையும் பாருங்கள். நோயாளிகளை உறவினர் ஒருவரோடு பக்கத்துக் கிராமத்து வீடுகளில் தங்கவைத்தார், நாட்டு வைத்தியர்களையும் சேர்த்துக்கொண்டார். மாத்திரையை நிறுத்தலாமா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

வீட்டில் முகமூடி மாட்டினால் வாஸ்து...

மேலே பாருங்கள்.

பிரான்ஸ் 26 பொருட்களைப் பெனினுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டது. பிரிட்டன் மட்டும் ஏன் பெனின் வெண்கலங்களைத் தரவில்லை?

இரண்டு பெனின் இருக்கிறது. 2021ல் பிரான்ஸ் கொடுத்தது பெனின் குடியரசுக்கு. அவை பழைய தஹோமி அரசின் அரண்மனையில் 1892ல் பிரெஞ்சுப் படை எடுத்தவை. 'பெனின் வெண்கலங்கள்' நைஜீரியாவில் இருக்கும் பெனின் நகரத்து அரண்மனையின் உலோகத் தகடுகளும் சிலைகளும். 1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை நகரைப் பிடித்து, அரண்மனையைச் சூறையாடியது. ஓபாவை, அதாவது அரசர் ஒவொன்ராம்வெனை, அதே வருடம் பிறகு கலபாருக்கு நாடுகடத்தினார்கள். அப்புறம், பெரும்பாலானவை வெண்கலம் இல்லை, பித்தளை.

லண்டனுக்குப் போனதால்தானே பிழைத்தன? அங்கேயே இருந்திருந்தால் உருக்கியிருப்பார்கள்.

நூற்றாண்டுக் கணக்கில் அரண்மனையில் இருந்தவைதான் அவை. எரிந்தது பிரிட்டிஷ் படை உள்ளே இருந்தபோது. லண்டன் பாதுகாப்பு பற்றியும் சொல்கிறேன்: பிரிட்டிஷ் மியூசியத்தில் சுமார் 2,000 பொருட்கள் திருடுபோயின அல்லது சேதமாயின என்று 2023ல் வெளிவந்தது. திருப்பித் தர 1963ஆம் வருடச் சட்டம் தடை என்கிறார்கள். ஆனால் 1950களிலேயே பெனின் தகடுகள் சிலவற்றை 'ஒரே மாதிரி இரண்டு இருக்கிறது' என்று விற்றார்கள். வாங்கியவர்களில் நைஜீரிய அரசும் உண்டு. தன் பொருளைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறது.

டொரண்டோவிலிருந்து: ஜெர்மனி 2022ல் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றியது. அடுத்த வருடமே நைஜீரிய ஜனாதிபதி எல்லாம் ஓபாவுக்குச் சொந்தம் என்று அறிவித்தார். தனியாருக்குப் போய்விட்டதே?

ஓபா 'தனியார்' என்பது நம் பார்வை. பெனின் நகரத்து எடோ மக்களுக்கு அவர் அந்த அரச வரிசையின் இன்றைய ஆள். ஆனால் புது அருங்காட்சியகமா அரண்மனையா என்ற சண்டை நிஜம். 2025 நவம்பரில் பெனின் நகரப் புது அருங்காட்சியகத்தின் முன்னோட்ட நாளில் போராட்டக்காரர்கள் உள்ளே புகுந்தார்கள். திருடியவன் பொருளைக் கொடுக்கும்போது வீட்டில் யார் வாங்கவேண்டும் என்று அவன் தீர்மானிக்க முடியாது.

அந்தப் பித்தளையே அடிமை வியாபாரத்தில் வந்ததுதானே? அந்த அடிமைகளின் வாரிசுகளுக்குப் பங்கு இல்லையா?

இன்றைய கேள்விகளில் கனமானது இதுதான். ஐரோப்பியர்கள் மணில்லா என்ற லாட வடிவ வளையங்களைக் கொண்டுவந்து மிளகு, தந்தம், மனிதர்கள் என்று வாங்கினார்கள். பெனின் கைவினைஞர்கள் அந்த வளையங்களை உருக்கியும் சிலைகளையும் தகடுகளையும் வார்த்தார்கள். அந்த உலோகம் ஜெர்மனியின் ரைன் பகுதியிலிருந்து வந்தது என்று 2023ல் ஒரு ஆய்வு காட்டியது. அமெரிக்காவில் உள்ள வாரிசுகள் சிலர் பங்கு கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதைக் காரணம் காட்டி லண்டன் வைத்துக்கொள்வதில் நியாயம் இல்லை.

நம் நடராஜர் சிலைகள் மாதிரிதானே?

அவை கடத்தல், இது படையெடுப்பு. சட்டம் வேறு. கலக்காதீர்கள்.

என் முகமூடி என்ன விலை போகும்?

விலை சொல்வதில்லை. ஏழாவது தடவை. தந்தம் இருந்தால் வாங்கவோ விற்கவோ போகாதீர்கள், இந்தியாவில் அது குற்றம்.

அக்கா, முகமூடிக்குக் கீழே தரையில் மாவு மாதிரி மரத்தூள் விழுகிறது. எண்ணெய் தடவினால் நிற்குமா?

எண்ணெய் வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்வது! ஆனால் நல்ல வேளை, சீக்கிரம் பார்த்தீர்கள். உள்ளே துளைப்பான் வண்டு உயிரோடு இருக்கிறது. முகமூடியைத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் காற்றை அமுக்கி எடுத்துக் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே விடுங்கள், இல்லாவிட்டால் மரம் மேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும். மேல்பூச்சு தடிமனாக இருந்தாலோ மணிகள் பதித்திருந்தாலோ இதைச் செய்யாமல் முதலில் எனக்குப் படம் அனுப்புங்கள். ஃப்ரீசரில் மீன் இருந்தால் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள்.