டெக்ஸ்மெக்ஸ் உணவகத்துக்குக் குடும்பத்தோடு: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

சான் அன்டோனியோவுக்கு வந்து 16 வருடம் ஆகிறது. அதில் முதல் 2 வருடம் ஒரு டெக்ஸ்மெக்ஸ், அதாவது டெக்சஸ் பாணி மெக்சிகன் சாப்பாடு போடும் உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தேன். டெக்சஸில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

கேள்வி: ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். சுத்த சைவம். பீன்ஸும் சாதமும் வாங்கிக் கொடுத்தால் போதும்தானே?

பதில்: போதாது. அந்த இரண்டையும்தான் முதலில் விசாரிக்க வேண்டும். மசித்து வரும் ரீஃப்ரைட் பீன்ஸைப் பழைய முறைப்படி பன்றிக் கொழுப்பில் தாளிப்பார்கள். சிவப்புச் சாதம் பல இடங்களில் கோழிச் சாற்றில் வேகும். டோர்டியா என்ற சப்பாத்தி மாதிரி ரொட்டியில் சீஸைச் சுருட்டித் தரும் சீஸ் எஞ்சிலாடாவின் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மேலே ஊற்றும் பழுப்புக் குழம்பில் பெரும்பாலும் இறைச்சிச் சாறு இருக்கும், சில இடங்களில் கொத்துக்கறியே இருக்கும். சாறோடு வரும் சாரோ பீன்ஸ் என்றால் பேக்கன் என்ற பன்றி இறைச்சி பெரும்பாலும் இருக்கும். மைதா டோர்டியாவிலும் கொழுப்பு சேர்ப்பவர்கள் உண்டு.

என் மாமியார் வந்திருந்தபோது ஓர் உணவகத்தில் "பீன்ஸில் இறைச்சி உண்டா?" என்று கேட்டேன். "இல்லை" என்றார்கள். அவர் பாதி சாப்பிட்ட பிறகு சமையலறை வாசலில் போய் விசாரித்தால், பன்றிக் கொழுப்பு. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த டோர்டியாவைத் தட்டின் ஓரமாக வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

பரிமாறுகிறவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் இறைச்சி வேறு, கொழுப்பு வேறு. அதனால் பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: "மந்தேகா" (பன்றிக் கொழுப்பு) போடுகிறீர்களா, சாதத்தில் "கால்தோ தே போயோ" (கோழிச் சாறு) உண்டா? "மந்தேகா வெஹெதால்" என்று பதில் வந்தால் அது தாவரக் கொழுப்பு. அப்புறம், நம்பிக் கேட்கக்கூடியவை: வெண்ணெய்ப்பழம் மசித்த குவாக்கமோலே, தக்காளி வெங்காயம் கொத்திய பீகோ தே காயோ, சோள டோர்டியாவில் சீஸ் வைத்து மடித்து வாட்டிய கேசடியா, சூடான தட்டில் வதங்கி வரும் காய்கறி ஃபஹீட்டா. ஃபஹீட்டாவின் காய்களை இறைச்சி வாட்டிய கல்லிலேயே வதக்குவார்கள். தனிச் சட்டியில் செய்து தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் செய்வார்கள்.

கேள்வி: 3 வயதுக் குழந்தையைக் கூட்டிப்போகலாமா? காரம் தாங்குமா?

பதில்: தாராளமாக. உயர நாற்காலி, குழந்தைகளுக்குத் தனி மெனு எல்லாம் இருக்கும். இரைச்சல் இருப்பதால் குழந்தை அழுதாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். உட்கார்ந்ததும் வரும் சல்சா என்ற தக்காளி மிளகாய்ச் சட்னியை மட்டும் நீங்கள் முதலில் ருசி பாருங்கள். ஹலப்பேனோ மிளகாய் என்றால் சமாளிக்கலாம், செர்ரானோ மிளகாய் அதைவிடப் பல மடங்கு உறைக்கும்.

காரத்தைவிட எனக்குப் பயம் ஃபஹீட்டாத் தட்டு. அது அடுப்பிலிருந்து நேராக வரும் வார்ப்பிரும்பு. மரப்பலகையில் வைத்துத்தான் கொண்டுவருவோம், எலுமிச்சை பிழிந்தால் சொய்யென்று புகை கிளம்பும். சத்தத்தைக் கேட்டதும் குழந்தை கை நீட்டும். நடைபாதை ஓரத்தில் குழந்தையை உட்கார வைக்காதீர்கள், தட்டை மேசையின் மறு கோடியில் வைக்கச் சொல்லுங்கள். சத்தம் அடங்கிய பிறகும் அந்த இரும்பு வெகுநேரம் சுடும்.

கேள்வி: சிப்ஸும் சல்சாவும் இலவசமா?

பதில்: டெக்சஸில் பெரும்பாலும் இலவசம், கேட்கக் கேட்க வரும். கேசோ என்ற சீஸ் குழம்புக்குக் காசு. சாப்பாடு வருவதற்குள் பிள்ளைகள் சிப்ஸிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்வார்கள், கூடையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

கேள்வி: கருப்பு பீன்ஸ் வாங்கினால் கொழுப்புப் பிரச்சினை இல்லைதானே?

பதில்: பல இடங்களில் இல்லை, எல்லா இடத்திலும் அல்ல. மந்தேகா உண்டா என்று கேளுங்கள்.

கேள்வி: டெக்ஸ்மெக்ஸ் என்பதே போலி மெக்சிகன் சாப்பாடுதானே? பிள்ளைகளுக்கு அசலைக் காட்ட வேண்டாமா?

பதில்: இதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். 1836 வரை டெக்சஸ் மெக்சிகோவின் பகுதி. இங்கிருந்த மக்கள் எங்கும் குடிபெயரவில்லை; எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டித் தெற்கே போனது. அவர்கள் தங்கள் வீட்டில் சமைத்ததைப் போலி என்று எப்படிச் சொல்வது? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இந்த ஊர்ச் சதுக்கங்களில் பெண்கள் இரவு நேரத்தில் மேசை போட்டு, விளக்கேற்றி, சில்லி கோன் கார்னே என்ற மிளகாய் இறைச்சிக் குழம்பு விற்றார்கள்.

ஃபஹீட்டாவையே எடுங்கள். ஃபாஹா என்றால் இடைவார். மாட்டின் விலாவுக்கு உள்பக்கம் இருக்கும் அந்த நீளமான, முரட்டுத் துண்டு தெற்கு டெக்சஸ் பண்ணையாட்களின் பங்காகக் கிடைத்தது. அதைத் தணலில் வாட்டிச் சாப்பிட்டார்கள். 1969இல் சன்னி ஃபால்கன் என்பவர், கைல் என்ற சிற்றூரில் கடை போட்டு விற்றார். 1973இல் ஹூஸ்டனில் நின்ஃபா லொரென்சோ என்பவர் தன் டோர்டியாத் தொழிற்கூடத்தின் முன்பக்கத்தில் சிறிய உணவகம் திறந்து அதைப் புகழ்பெறச் செய்தார்.

அதே வாசகர் மீண்டும்: மஞ்சள் சீஸும் இவ்வளவு சீரகமும் மெக்சிகோவில் கிடையாதே?

பதில்: மெக்சிகோவின் உள் மாநிலங்களில் அப்படிச் சமைப்பதில்லை, உண்மைதான். இந்த மண்ணில் எது கிடைத்ததோ அதை வைத்துச் சமைத்தார்கள். மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் ஊருக்கு வந்தவை. அதனால் நம் வீட்டுத் தக்காளி ரசம் போலியாகிவிடுமா?

இன்னொருவர்: நாச்சோஸாவது அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்று ஒப்புக்கொள்வீர்களா?

பதில்: அது பிறந்தது மெக்சிகோவில்! எல்லையோரம் பியத்ராஸ் நேக்ராஸ் என்ற ஊர். 1940களில் எல்லையாக ஓடும் ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அமெரிக்கப் பெண்கள் சிலர் சாப்பிடப் போனார்கள். இக்னாசியோ அனாயா என்பவர் கையில் இருந்த டோர்டியா, சீஸ், ஹலப்பேனோவை வைத்துச் செய்து கொடுத்தார். இக்னாசியோவைச் செல்லமாக நாச்சோ என்பார்கள். ஆற்றுக்கு அந்தக் கரை எது, இந்தக் கரை எது என்று தட்டைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

கேள்வி: மகனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை.

பதில்: மோலே என்ற குழம்பைத் தொடவே வேண்டாம், கடலை, பாதாம், எள் எல்லாம் அதில் அரைத்திருப்பார்கள். ஒவ்வாமை என்று உட்கார்ந்ததுமே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்கு என்ன குடிக்கக் கொடுக்கலாம்?

பதில்: தமரிந்தோ கிடைத்தால் வாங்குங்கள். நம் புளியேதான், இனிப்புப் பானகம் மாதிரி இருக்கும். ஓர்சாட்டா அரிசியும் பட்டையும் ஊறவைத்து அரைத்தது. மது இல்லாத ஸ்ட்ராபெரி மார்கரிட்டா கேட்டால், பெரியவர்களுக்கு வரும் அதே கோப்பையில், அதே நிறத்தில் வரும். நீங்கள் ஒரு வாய் குடித்துப் பார்க்காமல் பிள்ளையிடம் தராதீர்கள்.

கேள்வி: டிப்ஸ்?

பதில்: 15 முதல் 20 சதவீதம். பெரிய கூட்டமாகப் போனால் பில்லிலேயே சேர்த்திருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிவப்புச் சாதத்தில் கோழி தெரியவில்லையே, சாப்பிடலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். தெரியாது, சாற்றில் இருக்கும். கேளுங்கள்.

கேள்வி: சான் அன்டோனியோ வருகிறோம், தாத்தா பாட்டியோடு. எங்கே போகலாம்?

பதில்: மார்க்கெட் ஸ்குவேரில் இருக்கும் மீ தியெர்ரா உணவகம். 1941இலிருந்து நடக்கிறது. கூரை நிறைய வண்ணக் காகிதத் தோரணம், மேசைக்கு மேசை நின்று பாடும் மரியாச்சி என்ற மெக்சிகன் இசைக் குழுவினர், பெரியவர்களுக்குப் பிடிக்கும். வாசலருகே கண்ணாடி அலமாரியில் இனிப்பு ரொட்டிகள் அடுக்கியிருப்பார்கள், பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள். தாத்தா பாட்டி சைவம் என்றால், ரொட்டிக்கும் மந்தேகா உண்டா என்று கேட்டுவிட்டே வாங்குங்கள்.